ஏழு மாதம் என் பெட்டியில் கிடந்த கடிதம்

மக்களே, போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை, காக்கிச் சட்டையும் தலைப்பாகையுமாய்ப் புறப்பட்ட நான், தபாலாபீசுக்குப் போய் லீவு சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, உங்கள் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். காய்ச்சலோடும் தபால் பை சுமந்து போகிற அப்பா இன்றைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டீர்கள். சித்தப்பாவுக்கு ஒன்றுமில்லையே, நன்றாகத்தானே நிற்கிறார் என்றும் கேட்டீர்கள். "பொறவு சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பிறகு சொல்லுகிறேன், பிறகு பார்க்கலாம் என்பதெல்லாம் எனக்கு வாயில் பழகின பேச்சு. அந்தப் பேச்சு ஒரு மனிதனுக்கு என்ன செய்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். பிறருடைய விலாசங்களை வாசித்து வாசித்தே எழுத்துப் பழகினவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் எழுத முயலுகிறேன்.

உங்களுக்கு வாய்ப்பாடு சொல்லித் தருகிற, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிற, கேட்டால் மட்டும் பேசுகிற சித்தப்பாவைத்தான் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவன் வேறு. எங்கள் தாய் தகப்பன் போன பிறகு, பத்தொன்பது வயதில், பாளையங்கோட்டையில் வாத்தியார் வேலைக்குப் படிக்கும் பள்ளியில் சேர்ந்து நம் வீட்டில் வந்து தங்கினான். அப்போது மூத்தவன் கைக்குழந்தை. மற்ற இரண்டு பேரும் பிறக்கவில்லை. வீட்டில் சிரிப்பு என்றால் அவன்தான். நம் சபை உபதேசியார் ஜெபம் தொடங்குமுன் மூன்று தடவை தொண்டையைச் செருமுவார். மூன்றாவது செருமல் நீளமாய் இழுக்கும். அதை அப்படியே செய்து காட்டுவான். உங்கள் அம்மா சிரித்துச் சிரித்துக் கையிலிருந்த மாவைக் கொட்டியிருக்கிறாள்.

ஒரு கிறிஸ்துமஸ் கழிந்து பொங்கல் சமயத்தில் அந்தச் செருமல் நின்றுபோனது. நான் கவனிக்கவில்லை. உங்கள் அம்மாதான் ஒருநாள் சோறு போடும்போது, "தம்பி, உபதேசியார் மாதிரி ஒரு தடவ காட்டுங்க, கேட்டு எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

"வேண்டாம் மைனி. அவியளுக்குக் கேட்டுரும்" என்றான்.

உபதேசியார் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நான் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. உங்கள் அம்மாவும் சிரிக்கவில்லை. முதல் அடையாளம் அதுதான் என்று இன்று சொல்லுகிறேன். அன்று அது ஒரு பேச்சு, அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொன்றாய் வந்தது. சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கூட்டாளிகள் வந்து கூப்பிட்டால் பின்வாசல் வழியாய்ப் போய்விடுவான். ராத்திரி படுக்கிறானா என்றே தெரியாது. காலையில் பாய் சுருட்டினபடி இருக்கும். பள்ளிக்கூட மணி அடித்தால் எண்ணிக்கொண்டிருப்பான். "ஒண்ணு கூடுதலா அடிச்சிருக்காவ அண்ணே" என்பான். யார், எதற்கு என்று கேட்டால் மறுபடி விரல்விட்டு எண்ணுவான். நான் பரீட்சைப் பயம் என்றேன். வெயில் சூடு என்றேன். நல்லெண்ணெய் தேய்த்து ஆற்றில் முழுகச் சொன்னேன். வண்ணார்பேட்டைத் துறைக்குக் கூடப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அக்கரையிலிருந்து யாரோ பேசுவதைக் கேட்கிறவனைப் போலத் தலையைச் சாய்த்து நின்றான். அக்கரையில் இரண்டு எருமைகள் தவிர யாரும் இல்லை.

அந்த மாசியில்தான் நம் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தார்கள். கூட்டத்தில் உள்ளம் தொடப்பட்டவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்லுவது வழக்கம். கடைசி நாள் உங்கள் சித்தப்பா எழுந்து நின்றான். "ஒரு சத்தம் என்னையப் பேர் சொல்லிக் கூப்பிடுது" என்றான். அவன் முடிக்குமுன்னே கொட்டகை முழுக்க "ஸ்தோத்திரம்" என்று எழும்பிற்று. உபதேசியார் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் சித்தப்பா பிறந்தபோது எங்கள் தகப்பனார் அவனைத் தேவ ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்டிருந்தார். அவரும் இதே சபையார்தான்; சபையில் எல்லாருக்கும் அது தெரியும். இந்தப் பிள்ளைக்கு என்றைக்கு அழைப்பு வரும் என்று பத்தொன்பது வருஷமாய் ஒரு சபையே காத்திருந்தது. காத்திருந்த காதுக்கு அவன் சொன்னது எப்படி விழும்? வேறு ஊரில், வேறு வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சொல்லியிருந்தால் தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள். நாங்கள் மாலை போடாத குறைதான்.

மறுநாளிலிருந்து நான் தெருவில் போனால் ஆட்கள் நின்று பேசினார்கள். உபதேசியார் என்னைக் கண்டால் கேலி செய்வார். "என்னவே, வீட்டுல ஒரு ஊழியக்காரன வச்சுக்கிட்டு நீரு இன்னும் ஊரான் கடுதாசியச் சுமந்துக்கிட்டு அலையுதீரு!" எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம் சபையும் சுற்றுச் சபைகளும் சேர்ந்த சேகரத்துப் பெரியவர்கள் அடுத்த மாதம் கூடி ஊழியப் படிப்புக்கு ஆள் தெரிந்தெடுப்பார்கள். இவன் பெயர்தான் முதல் பெயர் என்றார்.

உங்கள் அம்மா மட்டும் ஒருநாள் சமையலறை வாசலில் என்னை நிறுத்தினாள். கையில் கொஞ்சம் பஞ்சு வைத்திருந்தாள்.

"இங்கருங்க. இது தம்பி தலமாட்டுல கெடந்துச்சு. தெனமும் கெடக்கு. காதுல வச்சு அடைச்சுக்கிடுதாவ."

"குளிர் காத்துக்கு வச்சிருப்பான்."

"மாசி வெயில்ல குளிர் காத்தா? ஆண்டவர் கூப்பிடுதாருன்னு சொல்லுதிய. அப்பிடின்னா காத எதுக்கு அடைக்காவ?"

பதில் தெரியாதபோது ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தேன். "ஒனக்கு என்ன தெரியும்" என்று சத்தம் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மார்ச்சு மாதக் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது.

காலையில் தபாலாபீசில் அவரவர் தெருவுக்குரிய கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொள்ளுவோம். என் அடுக்கில் நடுவில் ஒரு உறை. எழுத்தைப் பார்த்தவுடன் கை நின்றது. எனக்கு 'ழ'கரம் ஒழுங்காய்ச் சுழிக்கச் சொல்லித்தந்த என் தம்பியின் கை அது. மேலே நம் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரின் விலாசம். அவர் நம்மவர்தான், சென்னையில் படித்து வந்தவர். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறான்.

டாக்டருக்கு என்ன எழுதியிருப்பான்? உறையின்மேல் கை வைத்தபடி நின்றேன். அடுத்த சனிக்கிழமை சேகரத்துப் பெரியவர்கள் கூடுகிறார்கள். டாக்டரும் அந்தக் கூட்டத்தில் உட்காருகிறவர். பைத்தியம் என்கிற சொல் ஒருவர் வாயில் ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு இவனுக்கு ஊழியமுமில்லை, பள்ளிக்கூடமுமில்லை, பெண்ணுமில்லை. ஒரு வாரம். கூட்டம் முடியட்டும், பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பதினோரு வருஷ வேலையில் அதுவரை ஒரு கார்டைக்கூட நான் தவறவிட்டதில்லை.

வீட்டில் ஞானஸ்நானச் சீட்டும் கல்யாணக் கோட்டும் வைத்திருக்கிற தகரப் பெட்டியின் அடியில் அதை வைத்தேன். திறந்து பார்க்கவில்லை. பிறர் கடிதத்தைத் தபால்காரன் திறக்கக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். கடிதத்தை நிறுத்திவைத்த கை, உறையைக் கிழிக்க மட்டும் சட்டம் பார்த்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாயிருக்கிறது. திறந்திருந்தாலாவது அன்றே ஓடியிருப்பேன்.

அன்று சாயந்தரம் நான் வாசலில் பையை இறக்குமுன் உங்கள் சித்தப்பா வந்து நின்றான்.

"அண்ணே, எனக்கு ஏதும் கடுதாசி உண்டா?"

"இல்லலே. யாரு போடப் போறா ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான் கேட்டேன்."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். நான் பையைத் தலைகீழாய்க் கவிழ்த்து உதறிக் காட்டினேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாயிருந்தது. பதில் கடிதம் வரவில்லை என்பது உண்மைதானே.

சனிக்கிழமை பெரியவர்கள் கூடவில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லையென்று அடுத்த மாதத்துக்குத் தள்ளினார்கள். அடுத்த மாதம் கூடி, இந்த விஷயத்தை ஐப்பசி ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. அப்புறம் வேறொரு கண்ணி என்னைப் பிடித்துக்கொண்டது. உறையின்மேல் முத்திரை இருக்கிறது; முத்திரையில் தேதி இருக்கிறது. ஒரு நாள் தாமதமென்றால் ஏதாவது சொல்லலாம். ஒரு மாதத்துக்கு என்ன சொல்லுவது? இரண்டு மாதத்துக்கு? தாமதம் கூடக் கூட அதைக் கொடுக்கும் தைரியம் குறைந்துகொண்டே போயிற்று. வேலை போய்விடும், ஜெயிலுக்கும் போகவேண்டி வரும் என்கிற பயம் ஒரு பக்கம்.

என் தெருவில் ஆப்பம் சுட்டு விற்கிற ஒரு அக்காள் இருந்தாள். புருஷன் கொழும்பில். கடிதம் வராத நாளெல்லாம் என்னைத்தான் வைவாள். "ஏ அண்ணாச்சி, என் கடுதாசிய எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய? ஒம்ம வீட்டுப் பெட்டியச் சோதிச்சாத்தான் தெரியும்!" வருஷக்கணக்காய்ச் சொல்லுகிற கேலி. நானும் வருஷக்கணக்காய்ச் சிரித்திருக்கிறேன். அந்த வைகாசியில் அவள் அதைச் சொன்னபோது என் முகம் எப்படிப் போயிற்றோ, கரண்டியை வைத்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, வெளாட்டுக்குத்தான் சொன்னேன், செத்த இருங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று எழுந்து வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டைத் தாண்டிப் போகவே எனக்குக் கால் கூசும்.

ஆனியில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். உங்கள் சித்தப்பா வகுப்பில் உட்காருவதில்லை, மற்றப் பிள்ளைகள் தன்னைப்பற்றி எழுதுகிறார்கள் என்று அவர்கள் நோட்டைப் பிடுங்குகிறான் என்றார்கள். கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்கள். நான் உபதேசியாரிடம் ஓடினேன்.

"சோதனைவே, சோதனை" என்றார். "ஊழியத்துக்கு வாறவனுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும். உபவாசம் இருக்கச் சொல்லும்."

ஏற்கெனவே சாப்பிடாதவனை உபவாசம் இருக்கச் சொன்னோம். அவர் வஞ்சகமாய்ச் சொல்லவில்லை. அவரும் அவனோடு சேர்ந்து பட்டினி கிடந்தார். அறியாமை அவருக்கும் எனக்கும் ஒன்றுதான். ஆனால் அவர் வீட்டுப் பெட்டியில் கடிதம் இல்லை.

ஆடி கழிந்து ஆவணியில் அவன் பேச்சு குறைந்தது. வாய் மட்டும் அசையும். கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிற்று. ஆனால் சாயந்தரம் நான் வரும்போது வாசலுக்கு வருவது நிற்கவில்லை. கடைசியில் கேள்வியும் நின்று, என் பையை மட்டும் பார்ப்பான். நான் தலையை ஆட்டுவேன். அவன் உள்ளே போவான்.

உங்கள் அம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றாள். இரண்டு தடவையும் "பண்டிகை கழியட்டும்" என்றேன்.

ஐப்பசியில் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. காலையில் ஆராதனை, அதற்குப் பிறகு ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம். சுற்றுக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். கோயிலுக்குப் பின்னால் அடுப்பு வெட்டி, பெரிய அண்டாக்களில் சோறு வெந்துகொண்டிருந்தது. மழை பிடித்துக்கொள்ளுமோ என்று எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் என் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் அவனைச் சாட்சி சொல்ல அழைத்தார்.

முன்னால் போய் நின்றான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "பைய சொல்லும், அவசரமில்ல" என்றார்.

"அந்தச் சத்தம்..." என்றான்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"அது இப்பவும் திட்டுது."

அதற்கும் சிலர் ஸ்தோத்திரம் என்றார்கள். தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

"கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுது. சோத்துல வெசம் வச்சிருக்காவ, திங்காதங்குது. ஆத்துல வெள்ளம் வருது, போய் எறங்குங்குது. ஐயா, நான் யாருகிட்டயோ எழுதிக் கேட்டேன். பதிலே வரல."

அவன் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பின்னால் அடுப்பில் விறகு முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஓரத்தில் "பிசாசு" என்றார்கள். எட்டு மாதம் தேவசத்தம் என்று சொன்ன அதே வாய்கள். பிள்ளைகளைத் தாய்மார் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

உபதேசியார் முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னிடம் வந்து, "மூணு நாள் நம்ம கோயில்லயே வச்சு, உபவாசம் இருந்து ஜெபிப்போம்வே" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் அம்மா எழுந்து வந்தாள். கோயிலில் ஆண்கள் பக்கம் அவள் அப்படி வந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"ஐயா, அவிய வயித்துல சோறு போயி நாலு நாளாச்சு. இன்னும் எதுக்கு உபவாசம்? ஜெபிக்கதா இருந்தா நீங்க ஜெபிங்க. நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். என்னைப் பார்த்து, "நடங்க" என்றாள்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வீட்டுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து, கல்யாணக் கோட்டை வெளியே எறிந்துவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இலை போட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று தெரியாது.

டாக்டர் அவனை உள்ளே உட்காரவைத்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். என்றைக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். நான் உறையை நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பினார்.

"எனக்கு வந்த கடுதாசி. மார்ச்சு மாசத்து முத்திரை. இது அக்டோபர். எங்க இருந்துச்சு இவ்வளவு நாள்?"

"எங்க வீட்டுப் பெட்டியில ஐயா."

அவர் என் தலைப்பாகையைப் பார்த்தார். பண்டிகைக்கென்று வேலைத் தலைப்பாகையைத்தான் துவைத்துக் கட்டியிருந்தேன். பிறகு கத்தியால் உறையைக் கீறி, கடிதத்தை விரித்து, எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கேட்கும்படி வாசித்தார். ஒரே ஒரு தடவைதான் வாசித்தார். எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை.

"டாக்டர் ஐயா அவர்களுக்கு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். பொங்கலுக்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கமில்லை. ஒரு சத்தம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. பஞ்சு வைத்தாலும் கேட்கிறது. சபையார் இது நல்லது என்கிறார்கள். நல்லதானால் எனக்கு ஏன் கை இப்படி நடுங்குகிறது என்று விளங்கவில்லை. இது வியாதியாயிருந்தால் மருந்து உண்டா என்று தெரிவிக்க வேண்டும். என் அண்ணனிடம் சொன்னால் பயந்துபோவார், ஆகையால் தங்களுக்கு எழுதுகிறேன். பதிலை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பலாம். அவர் தபால்காரர். அவர் இதுவரை ஒருவர் கடிதத்தையும் தொலைத்ததில்லை."

நான் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் என்னைத் தபாலாபீசுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. அது அவர் தயவு. கடிதத்தை மடித்துத் தம் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, "முதல்ல இவன் தூங்கணும், பொறவு சாப்பிடணும். மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்" என்றார். தூக்கத்துக்குப் புரோமைடு என்று ஒரு மருந்து. ஓர் அமைதியான அறை, பால், முட்டை. கூட்டமில்லை, உபவாசமில்லை, ஒருவரும் சத்தத்தைப்பற்றிக் கேட்கக்கூடாது, அதைச் சொன்னால் மறுத்தும் பேசக்கூடாது. இதற்கும் அடங்காவிட்டால் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொல்லாமல் சென்னை என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் என் தம்பி பத்து மணி நேரம் தூங்கினான். நானும் உங்கள் அம்மாவும் கதவருகில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தோம். உபதேசியார் வந்தார். ஜெபிக்கவில்லை. ஒரு செம்பில் பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார். அதன்பின் ஒரு மாதம் தினமும் பால் வந்தது.

வெளியே வரும்போது ஒருநாள் டாக்டரிடம் கேட்டேன், "ஐயா, மார்ச்சு மாசமே வந்திருந்தா முழுசாச் சரியாகியிருக்குமா?"

"அத நான் சொல்ல முடியாது. ஒருத்தனும் சொல்ல முடியாது. ஆனா ஏழு மாசம் தனியா பயந்திருக்க வேண்டாம்."

நாலு மாதத்தில் வீட்டுக்கு வந்தான். சத்தம் முழுதும் போகவில்லை. தூரமாய்ப் போய்விட்டது என்றான். தெருக்கோடியில் யாரோ பேசுகிற மாதிரி என்றான். படிப்பைத் தொடரமுடியவில்லை. ஒரு பக்கம் வாசித்தால் கண் தங்காது. அந்தப் பழைய செருமலும் திரும்பவில்லை. ஊழியப் படிப்புக்கு வேறு பிள்ளை போனான்.

கடிதத்தைப்பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. டாக்டர் பதில் போடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும், இப்போது சொல்லி மனசைக் கலைக்கக் கூடாது, பிறகு சொல்லலாம் என்று வைத்தேன். பார்த்தீர்களா, மறுபடியும் பிறகு. அப்படியே வருஷங்கள் ஓடின. இளையவர்கள் பிறந்தீர்கள், எல்லாரும் வளர்ந்தீர்கள். டாக்டருக்கும் தலை நரைத்தது. அவன் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றினான்.

போன ஆவணியில் அந்தத் திங்கட்கிழமை, நான் தலைப்பாகை கட்டிக்கொண்டிருக்கையில் கிணற்றடியிலிருந்து வந்து நின்றான்.

"அண்ணே, ரெண்டு நாளாத் தூக்கமில்ல. அது கிட்ட வந்துட்டு."

கை நடுங்குகிறதா என்று முதலில் பார்த்தேன். நடுங்கிற்று. சாயந்தரம் போகலாமா, தபாலைக் கொடுத்துவிட்டு வந்து போகலாமா என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. உண்மையைச் சொல்லுகிறேன், போட்டது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு லீவு சொல்ல ஓடினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். அவன் விரல்களை மடியில் கோர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். இனி எப்போது சொல்லப்போகிறேன்?

"ஏலே, முன்னால நீ டாக்டருக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தே."

"ஆமா."

"அது அப்ப அவருக்குப் போய்ச் சேரல. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன். ஏழு மாசம் எம் பெட்டியில கெடந்துச்சு. அதான் பதில் வரல."

அவன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காகம் குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய்விடுவானோ, கத்துவானோ, இந்த நிலையில் இதைச் சொல்லி இன்னும் கெடுத்துவிட்டேனோ என்று அவன் முகத்தையே பார்த்தேன்.

"இப்ப எங்க இருக்கு அது?" என்றான்.

"டாக்டர்கிட்ட. அவருதான் வாசிச்சாரு. நாங்களும் கேட்டோம்."

"ஒழுங்கா எழுதியிருந்தேனா?"

"நல்லா எழுதியிருந்தே. எல்லாம் சரியா எழுதியிருந்தே. நாங்கதான்..."

"அப்ப நான் கிறுக்கனா எழுதல" என்றான். மெள்ளத் தலையை ஆட்டினான். அந்த ஒன்றுதான் இவ்வளவு வருஷம் அவனுக்குத் தெரியவேண்டியிருந்தது போல. பதில் வராததால், தான் எழுதினது வாசிக்கத் தகாத பிதற்றல் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. என் காக்கிச் சட்டையைப் பார்த்து, "இன்னைக்குத் தபாலு?" என்றான்.

"வேற ஆள் போறான்லே."

உள்ளேயிருந்து எங்கள் முறையைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அவன் எழுந்திருக்கிற வரையில் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.